பிரிண்டர் போர்ட் தேறாத நாள்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து தாலுகா ஆபீஸ் திறந்த அன்றைக்கே, பிரிண்டர் படுத்துவிட்டது என்று போன் வந்தது. அப்போது நான் தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் இருந்தேன். மன்னார்குடிப் பக்கத்து ஆபீஸ்களெல்லாம் என் தலையில்தான். பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன்.

சர்வர் ஒரு மூலையில், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மேலே முதலமைச்சர் படம். ஆட்சி மாறினால் படம் மாறும், அந்த மூலையின் இருட்டு மட்டும் மாறாது. சர்வரின் முகத்தில் சந்தனம், குங்குமம், வாடிய மாலை. அந்த வாரம் ஊரில் பொட்டு இல்லாத இயந்திரமே கிடையாது.

"யாராவது இதுல கை வச்சீங்களா?"

"ஐயையோ, யாருமே தொடல மேடம்" என்றார் ஆபீஸ் உதவியாளர். கிளார்க்கும் தலையாட்டினார்.

கதவோரம் ஓர் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர். அது தன் குத்தகை என்று ஊரில் ஒரு பெரிய கை கிளம்பி, விளைந்த குறுவையை அறுக்க அன்றைக்கு மெஷின் கொண்டுவருகிறதாம். குத்தகைதாரர் என்று அம்மாவின் பெயர் போட்ட பதிவேட்டு நகலைக் காட்டினால் நிறுத்துகிறோம் என்று போலீஸ் சொல்லியிருந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு கையால் எழுதிய நகல் செல்லாது. ஆக, அவருடைய நெல் இந்தப் பிரிண்டரில் மாட்டிக்கொண்டிருந்தது.

"ஆயிடுமாம்மா?" என்று கேட்டார்.

"ஆயிடும்ங்க" என்றேன்.

கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான், ஒயர் மாட்டும் போர்ட்டுகளைச் சோதிக்க வேண்டும். முதலில் உள்சோதனை. சர்வர் தனக்குள்ளேயே எழுத்துகளை அனுப்பி வாங்கிப் பார்த்துக்கொள்ளும். எல்லாம் பாஸ். அடுத்தது வெளிச்சோதனை. சர்வரின் முதுகில் கையை விட்டுத் துழாவி, போர்ட்டில் ஒரு சின்ன பிளக்கைச் செருகினால், அனுப்பிய எழுத்துகளை அது அப்படியே திருப்பித் தர வேண்டும். வரிசையாக எல்லாம் ஃபெயில்.

தலைமை ஆபீஸுக்குப் போன் போட்டேன். "ஃபுல் டெஸ்ட் ரிசல்ட் இல்லாம புது போர்ட் கார்டு அனுப்ப மாட்டோம். முதல்லேருந்து ஓட்டுங்க" என்றார்கள். குளிர்ந்த அறையில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். ஓட்டினேன். ஆமை மாதிரி நகர்ந்தது. பாதியில் கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். பேருக்குத்தான் இருந்தது. மறுபடி முதலிலிருந்து. அந்த அம்மா என் முகத்தையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தபடி இருந்தார். எனக்கு மண்டை காய்ந்தது.

எரிச்சலில் பிளக்கை வெடுக்கென்று பிடுங்கினேன். அதன் முனையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்தேன். பன்னீர் வாசனை. டார்ச் வாங்கிச் சர்வரின் முதுகில் அடித்துப் பார்த்தால், ஒரு போர்ட் விடாமல் சந்தனம் காய்ந்து அடைத்துக்கிடக்கிறது. மேலே குங்குமம் வேறு.

"யாரும் தொடலன்னீங்க?"

நான் கேட்பதே உதவியாளருக்கு விளங்கவில்லை. "பூஜைக்குத்தான் மேடம் ஒயரக் கழட்டி, தொடச்சு, எல்லாத்துக்கும் பொட்டு வச்சுத் திரும்ப மாட்டினோம். பிரிண்டர் அடிக்கடி மக்கர் பண்ணுதேன்னு அதுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலா. பூஜை பண்றதெல்லாம் தொடுறதுல சேருமா?"

சாமி காரியத்தைக் கை வைத்த கணக்கில் யார் சேர்ப்பார்கள்? இதற்கு நான் எந்தக் கட்டளையை அடிப்பது? குண்டூசியும் பஞ்சும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்து, வாய்க்குள் திட்டிக்கொண்டே சுரண்டினேன். கடைசியில் பிரிண்டர் போர்ட் தேறியது. கிளார்க் நகலை அச்சுக்குக் கொடுத்தார். பிரிண்டர் கரகரவென்று ஓட ஆரம்பித்தது.

தாள் பாதி வெளியே வந்திருக்கும். அம்மாவின் கொழுந்தன் மொபெட்டில் வந்து இறங்கி, வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அறுத்துட்டானுவ அண்ணி. நெல்ல லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டானுவ."

யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எனக்கு அழுகைதான் வந்தது. கிளார்க் தாளைப் பிரிண்டரிலிருந்து கிழித்தெடுத்து, கொடுப்பதா வேண்டாமா என்று கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

அந்த அம்மா எழுந்து வந்து கையை நீட்டினார்.

"வைக்கோலு இன்னும் வயல்லதானே கெடக்கு? குடுங்க சார். அதையாச்சும் காப்பாத்துறேன்."