ஹெர்னியா என்று சொல்லிக்கொண்ட ஆபரேஷன்

அரை வயிற்றோடு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்களிடம், உடம்பைக் குறைக்க இரைப்பையைச் சுருக்கிக்கொண்டு வந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? லிந்துலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். தொழிலாளர் குடியிருப்பான லயத்திலேயே பிறந்து, லயத்தை ஒட்டியே குடியிருக்கிறவள். சர்க்கரையும் முழங்கால் வலியும் சேர்ந்து கரும்பலகை முன்னால் நிற்கவிடாமல் செய்த பிறகுதான் கொழும்பில் அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டேன்.

"ஹெர்னியான்னு சொல்லிருவோம். யாரு தொறந்து பார்க்கப் போறா?" என்றார் என் கணவர். எனக்கும் அது வசதியாகப் பட்டது.

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டு முடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தை எடுத்துப்போவார்கள். எனக்குக் கொழும்பில் சொல்லியிருந்ததோ தண்ணீர்க் கஞ்சி மட்டும், அதுவும் கரண்டிக் கணக்கில்.

"ஹெர்னியாவுக்கு சோறு என்னாங்க செய்யப் போகுது? நல்லா சாப்பிடுங்க டீச்சர், அப்பத்தான் புண்ணு ஆறும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. வேண்டாம் என்றால் டீச்சருக்குத் திமிர் என்பார்கள். நான்கு நாள் விழுங்கினேன், அவர்கள் போனதும் வாந்தி எடுத்தேன். இப்போது நினைத்தாலும் என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

மூன்றாம் மாதம் வலி வந்தது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் இடது விலாவுக்குக் கீழே, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி. நுவரெலியா ஆஸ்பத்திரியில் முதலில் என்ன ஆபரேஷன் செய்தது என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். துணைக்கு வந்த பக்கத்து வீட்டு அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கணவர் சற்றும் தயங்காமல் ஹெர்னியா என்றார். கிளினிக் கொப்பியில், என் நோய்க் குறிப்பேட்டில், அது ஏறிவிட்டது. அதற்குப் பிறகு வந்த டொக்டர்கள் எல்லாரும் கொப்பியைப் பார்த்தார்கள், அடிவயிற்றை அமுக்கினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கேஸ் மாத்திரை எழுதினார்கள். தனியாகப் போன நாட்களிலும் நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை சொன்ன பொய்யை மாற்றிச் சொல்ல வெட்கம். இப்படியே ஒன்றரை வருடம் போனது.

வகுப்பில் பிள்ளைகள் முன்னால் மயங்கி விழுந்த வாரம்தான் உண்மையைச் சொன்னேன். டொக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. கொப்பியில் ஒரு வரியை அடித்து, மேலே புதிதாக எழுதினார். பிறகு தொண்டை வழியாகக் கமரா விட்டார்கள், சிடி ஸ்கேன் எடுத்தார்கள், கடைசியில் கண்டிக்கு அனுப்பி, வயிற்றில் சின்னத் துளை போட்டு உள்ளேயே பார்த்தார்கள். புண் இல்லை, உள்ளே எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, குடல் எங்கேயும் சிக்கவில்லை. தையல் போட்ட இடமெல்லாம் அழகாக ஆறியிருக்கிறதாம்.

"அந்த நாலு நாள் சோத்தாலயா டொக்டர்?" என்று கண்டி டொக்டரிடம் கேட்டேன். ஆம் என்றாலாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். சொல்ல முடியாது என்றார். இனித் தேடிப் பார்க்க ஒன்றும் பாக்கியில்லை, வலியோடு பழகிக்கொள்ளப் பாருங்கள் என்று மாத்திரையை மாற்றி எழுதினார்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். காலையில் குடித்த கஞ்சிக்கு வலி ஆரம்பித்திருந்தது. பஸ் ரம்பொடை தாண்டியது. என் கணவர் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"நெசமாவே வலிக்குதா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என் பொய்க்கு முதல் வரி எழுதிக் கொடுத்தவர், இத்தனை ராத்திரி என் முதுகைத் தடவிவிட்டவர், அவருக்கே இப்போது சந்தேகம்.

"இப்ப இல்லீங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. நுவரெலியா வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கியும் போனார். வலியில் உடம்பு சுருண்டது. அவரை எழுப்பிவிடக் கூடாதே என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.