ராத்திரிக்கு ரொட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நான் தும்மினால் மூன்றாவது வீட்டிலிருந்து "நூறு" என்று வாழ்த்துவார்கள். வீட்டுக்கு வீடு சுவர் இருக்கிறது, ஆனால் அது கூரைவரை போகாது. மேலே இருக்கும் இடைவெளி வழியாகக் கருவாட்டு வாசனையும் புருஷன் பெண்சாதி சண்டையும் டிவி நாடகமும் எல்லா வீட்டுக்கும் பொதுவாகப் போய் வரும். ஒரே அறையாக ஒரு காம்பரா, அதற்கு முன்னால் திண்ணையைப் பலகை அடித்து மறைத்த இஸ்தோப்பு, பின்னால் சமைக்கக் குசினி. இவ்வளவுதான் வீடு. காம்பராவில் நானும் என் கணவரும் படுப்போம். இஸ்தோப்பில் மாமி, அதாவது என் கணவரின் அம்மா. நடுவில் கதவு கிடையாது. ஒரு பழைய சேலைதான் தொங்கும். இந்த வீட்டில் இருந்துகொண்டுதான் நாங்கள் ஒரு பிள்ளைக்கு முயற்சி செய்தோம்.

முயற்சி என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் பதுளை டாக்டரம்மா. கல்யாணமாகிச் சில வருஷம் "கடவுள் குடுப்பான்" என்று ஓடியது. அதற்குப் பிறகு கடவுள் பெயரைச் சொன்னவர்கள் மேலெல்லாம் எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பதுளைக்கு ஒரு பஸ் என்று இரண்டு பேரும் புறப்பட்டோம். டாக்டரம்மா சிங்களவர். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, கவனமாகத் தமிழ் பேசினார்.

"கருப்பை நல்லம். ஐயாவுக்கும் பிரச்சினை இல்ல. ஆனா ஒங்க வயசுக்கு இருக்க வேண்டிய அளவு முட்டை ஒங்களுக்கு இல்ல. இருக்கிறதும் சீக்கிரம் முடியும்."

"அப்ப ஏலாதா டாக்டர்?"

"ஏலாதுன்னு சொல்லல்ல. ஒரு புள்ளைக்கு ஒரு முட்டை போதும்தானே. நாள் பாத்து சேருங்க. காலம் கடத்த வேணாம்."

கொழும்பில் ஊசி போட்டு, முட்டையை வெளியே எடுத்துச் செய்யும் வைத்தியம் இருக்கிறது என்றும் சொன்னார். சொல்லிவிட்டு எங்கள் செருப்புகளைப் பார்த்தார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் பார்த்தது சரிதான்.

நாள் பார்ப்பதற்குப் பார்மசியில் ஒரு குச்சி விற்கிறார்கள். விடிந்ததும் சிறுநீரில் நனைத்தால் கோடு விழும். இரண்டு கோடும் ஒரே அழுத்தமாக விழுந்தால் அன்றும் மறுநாளும் நல்ல நாள். லயத்துக்குப் பின்னால் இருக்கும் கக்கூசுக்கு நான் அந்தக் குச்சியை ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போவேன். என்னமோ கஞ்சா கடத்துகிறவள் மாதிரி.

முதல் நல்ல நாள் வந்தது. இரண்டு பேரும் விறகுக்கட்டை மாதிரி படுத்திருந்தோம். சேலைக்கு அந்தப் பக்கம் மாமி இருமினார். என் கணவர் உடனே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்சம் கழித்து மறுபடி என் பக்கம் திரும்பினார், மாமி மறுபடி இருமினார். அந்த மாதத்து முட்டை மாமியின் இருமலோடு போயிற்று. இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குத் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த மாதம் கோடு விழுந்த அன்று நான் ஒரு காரியம் செய்தேன். ரொட்டி எங்களுக்குக் காலைச் சாப்பாடு, ராத்திரிக்குச் சோறுதான். அன்றைக்குச் சாயந்தரமே தேங்காய் போட்டு ரொட்டி தட்டினேன். நாலைந்தை ஒரு தாளில் சுற்றி, சம்பலையும் வைத்து மாமியிடம் நீட்டினேன்.

"இத பெரியம்மாவுக்குக் குடுத்துட்டு வாறீங்களா மாமி? அவங்களுக்குக் கால் வலின்னு சொன்னீங்களே. ராவைக்கு அங்கனயே தங்கிட்டு வாங்களேன்."

பெரியம்மா என்பது மாமியின் அக்கா. தனியாக, கீழே பணிய லயத்தில் கடைசி வீட்டில் இருந்தார். மாமி ரொட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நாளெல்லாம் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து அப்போதுதான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஆமா, அவளுக்குத் தைலம் தேச்சு விடவும் ஆளில்ல" என்று எழுந்தார். கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, பனியில் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. சாயந்தரம் ரொட்டி வாசனை வந்தால் மாமியே கம்பளியை எடுத்துக்கொள்வார். மழையா, காற்றா என்று பார்க்க மாட்டார். காய்ச்சலோடுகூட ஒரு தடவை போயிருக்கிறார். நான் தடுத்தேன். "ரொட்டி ஆறிப் போயிரும் புள்ள" என்றார். எத்தனையோ விஷயத்தில் எனக்கும் மாமிக்கும் ஒத்துப்போகாது. உப்பில் தொடங்கி உடுப்புவரை சண்டை போட்டிருக்கிறோம். இந்த ஒன்றைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

பேசாவிட்டால் என்ன, லயத்துக்குக் கண் இல்லையா? மாமி கையில் பொட்டலமும் தோளில் கம்பளியுமாக ஒவ்வொரு வாசலாகத் தாண்டித்தானே போக வேண்டும்.

"என்னா, இன்னைக்கு ரொட்டியா?" என்று பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலாகக் குரல் கொடுப்பாள்.

"ஆமாங்க, ஒங்களுக்கும் ரெண்டு தரவா? ஒங்க மாமியாரையும் சேத்து அனுப்பிவிடுங்க" என்பேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு சத்தம் கேட்கும். பிறகு அவர்கள் வீட்டு டிவி வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடத் தொடங்கும். அது கேலியா, கருணையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கருணை என்றே வைத்துக்கொள்கிறேன்.

என் கணவர் பண்டாரவளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. ரொட்டி நாட்களில் முதலாளியிடம் ஏதோ பொய் சொல்லி முந்திய பஸ்ஸைப் பிடிப்பார். சீமெந்துத் தூசியோடு வந்து, குளித்து, சாப்பிட்டு, பரீட்சை எழுதப் போகிற பிள்ளை மாதிரி என் பக்கத்தில் உட்காருவார். முன்பெல்லாம் எங்களுக்குள் இருந்த விளையாட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. "இயற்கையாவே முயற்சி பண்ணுங்க" என்றுதான் டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். குச்சி, கோடு, ரொட்டி, முந்திய பஸ். இதில் இயற்கை எங்கே இருந்தது? என் கணவருக்கு முடியாமல் போன நாளும் உண்டு. அன்று நான் பேசிய பேச்சை அவர் மறந்துவிட்டதாகச் சொல்கிறார். நான் மறக்கவில்லை.

என் வேலை வேறு அப்படி வாய்த்திருந்தது. தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. தாய்மார் மலைக்குப் போகுமுன் பிள்ளைகளை என் கையில் தந்துவிட்டுப் போவார்கள். பாதி வேலையில் பால் கொடுக்க இறங்கி வருவார்கள். அதுவரை அழுகிறதைத் தூக்கி, தூங்குகிறதை ஆட்டி, எல்லாக் குழந்தையின் வாயும் என் தோளில்தான். "ஒங்க கைராசிக்கு ஒங்களுக்கும் சீக்கிரம் வந்துரும்" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையைக் கழற்றும்போது தோளில் பால் வாசனை அடிக்கும். எனக்கு ஆத்திரமும் வரும், அதை மோந்து பார்க்கவும் தோன்றும்.

பிறகு ஒரு மாதம் எனக்குத் தள்ளிப் போனது.

கர்ப்பம் பார்க்கும் குச்சி இல்லை என்றது. இன்னும் நாளாகவில்லை, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாமி கொடியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். என் துணிகள் காயவில்லையே. மறுநாளிலிருந்து தண்ணீர்க் குடத்தை நான் தொடக்கூடாது. லுணுகலையில் யாரோ சொந்தக்காரர் வீட்டிலிருந்து மாங்காய் வந்தது. தோட்டத்து மரத்திலிருந்து பேரிக்காய் வந்தது. மாமி மலையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்பது புள்ளக்காம்பராவில் தெரிந்தது. என் இடுப்பிலிருந்த கனத்த பிள்ளையை ஒரு தாய் பறித்து வாங்கிக்கொண்டாள். "முழுகாம இருக்கீங்களாமே, ஏன் இப்பிடித் தூக்குறீங்க?" என்று அதட்டினாள்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு அந்த அதட்டல் இனித்தது. மாமி இஸ்தோப்பிலேயே படுத்து நிம்மதியாக இருமினார். அந்த இருமலும் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மாதமும் வரவில்லை. குச்சி மறுபடி இல்லை என்றது. அப்போதும் நம்பினேன்.

பதுளையில் ஸ்கேன் பார்த்து, இரத்தம் பார்த்து, டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார். இந்த முறை சொற்களைத் தேட அவருக்கு இன்னும் நேரம் எடுத்தது.

"கர்ப்பம் இல்ல. முட்டை முடிஞ்சு போற நேரம் இது. அதுதான் மாசம் வரல்ல. இனி எப்பவாவது ஒரு தடவை வரும். பிறகு நிண்டுரும்."

"இந்த வயசுலயா?"

"சிலருக்கு அப்பிடித்தான். ஒங்க பிழை இல்ல."

எது நின்றதற்காக மாங்காயும் பேரிக்காயும் வந்தனவோ, அது நின்றதுதான் என் கதை முடிந்ததற்கும் அடையாளம். பதுளை பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றோம். "ஏதாச்சும் சாப்புடுறியா?" என்று கேட்டார் என் கணவர். "ஒங்களுக்கு எப்பவும் வயிறுதானா?" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவர் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தது தெரிந்தது. ஏறிய பஸ்ஸில் எல்லா வளைவிலும் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மாமி வாசலிலேயே நின்றிருந்தார்.

"இல்லையாம் மாமி" என்றேன்.

மாமி என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். "சரி விடு புள்ள. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அடுத்த மாதம் என்ற ஒன்று இல்லை என்று யார் சொல்வது? "நீங்க சொல்லுங்க" என்றேன் கணவரிடம். "நீயே பதமாச் சொல்லு" என்றார். சொல்லாமலே நாட்கள் போயின. லயத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காகூடச் சுவருக்கு மேலாகப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஏதாவது கேலி செய்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

ஒரு நாள் நல்ல மழை. புள்ளக்காம்பராவிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தேன். விறகும் ஈரம். சோறு வடித்து, கறி கூட்டி, ஒன்றும் முடியாது என்று இருந்தது. மாவைப் பிசைந்து நாலு ரொட்டி தட்டிப்போட்டேன். வேறு எந்த நினைப்பும் எனக்கு இல்லை. ரொட்டியைத் தட்டில் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

மாமி கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார். தலைக்கு ஒரு உரப்பையை மடித்துக் கொங்காணியாகப் போட்டிருந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பொட்டலத்துக்காகக் கையை நீட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது.

"போக வேணாம் மாமி" என்றேன்.

"மழை என்னா மழை. நான் போயிருவேன். நீ சுத்திக் குடு."

"இது நமக்குத்தான் மாமி. சும்மா சுட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. நீட்டிய கை அப்படியே இருந்தது. அந்தக் கையில் கொழுந்துக் கறை. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தேன்.

"இனி எப்பவும் போக வேணாம் மாமி. எனக்கு நின்னு போச்சு. டாக்டர் சொல்லிட்டாங்க."

மாமி அழுவார், அல்லது யாரையாவது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். உரப்பையை எடுத்துச் சுவரில் மாட்டினார். கம்பளியைக் கழற்றி, வழக்கமாக மடிப்பதைவிட மெதுவாக மடித்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தார்.

"ராவைக்கு நீ என் பக்கத்துல படுத்துக்க" என்றார். "அவன் தனியாப் படுக்கட்டும்."

அன்றைக்கு நான் இஸ்தோப்பில் அந்தக் கம்பளிக்குள் படுத்தேன். மாமி ஒரு தடவைகூட இருமவில்லை. இருமலை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார் என்று அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்து நினைத்தேன். அது இருமல் இல்லை.