நாலு தடவை கேட்டால் பிடிக்கும்

எங்கள் முதல் ராக் ஆல்பத்தை ஊரே ஒதுக்கியபோது, எல்லோரும் ஒரே தடவை கேட்டதுதான் கோளாறு என்று நம்பிய மடையன் நான். நாலு தடவை கேட்டால் பிடித்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே வாய் வலித்தது. ஒரு மாதத்துக்குள் ஒருவராவது பாராட்டாவிட்டால் டிரம்ஸை விற்றுவிட்டு வேலைக்குப் போவதாக எங்கள் டிரம்மர் கெடு வைத்திருந்தான். அதனால் புதுப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் போகும் ஷேர் ஆட்டோக்காரரிடம் கேசட்டைக் கொடுத்து, நாள் முழுக்கப் போடச் சொன்னேன். ஓடும் வண்டியிலிருந்து மீன்காரம்மாவோ ஆபீஸ்காரரோ எழுந்து போய்விட முடியாதே. கெடு முடிந்த அன்று ஆட்டோக்காரரிடம் ஓடினேன்.

"ஜனங்க இன்னா சொல்றாங்க, அண்ணாத்த?"

அவர் கேசட்டைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"பாதியிலியே எறங்கி நடந்து பூட்றாங்கப்பா."