வேதக்கண் உபதேசியாரின் தை மாதம்

மாசி பிறந்ததும் வேதக்கண் உபதேசியார் கையில் கடப்பாரை ஏறிவிடும். துரைமார் கட்டிவிட்டுப் போன சுவரை இடிக்க வேண்டுமே! தை மாதம் கடல் தாண்டி வருகிற வெள்ளைக்கார விருந்தாளிகளுக்கு, ஜெபவீட்டுக்குத் தங்கள் கையால் ஒரு சுவராவது எழுப்பிவிட்டுப் போகவேண்டும் என்று ஆசை. தொப்பியைப் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் வெயிலில் கன்றிப்போக, கல்லைத் தூக்கித் தூக்கி வைப்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, உழைப்பில் குறை வைக்கமாட்டார்கள். ஆனால் சுவர் என்னவோ கள் குடித்தவனைப்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அவர்கள் ரயில் ஏறிய பிறகு உபதேசியாரும் கொத்தனார் சோணைமுத்துவும் அதைப் பிரித்து, தூக்குக்குண்டு பிடித்து, அதே கல்லால் மறுபடி கட்டுவார்கள்.

"எதுக்குய்யா இந்த ரெட்ட வேலை? முதல்லயே நான் கட்டிட்டுப் போறேன்" என்பான் சோணைமுத்து.

"ஏலே, வந்தவுக மனசு நோகக் கூடாதுடா. அவுக வச்ச கல்லுதான இது? நாம நிமித்தி வைக்கிறோம், அம்புட்டுத்தான்."

வந்தவர்கள் மனசு நோகக் கூடாது. வேதக்கண்ணின் வேதத்தில் இது பதினோராவது கட்டளை. சாயல்குடிப் பக்கத்துப் பனையேறி மகன். ஒல்லி உடம்பு, பிரேக் இல்லாத சைக்கிள், ஹாண்டில்பாரில் குறுக்கே கட்டின குடை. கடலாடிக்குத் தெற்கே நரிப்பொட்டலில் வந்து குடியேறி, அக்கம்பக்கத்து ஊர்களில் ஒன்றுமில்லாத இடத்தில் சின்னச் சின்ன சபைகளை உண்டாக்கினார். ஒரு சபை புளிய மரத்தடியில் கூடும். இன்னொன்று மிளகாய் காயப்போடுகிற களத்தில். எந்த வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினாலும் முதல் வார்த்தை "சாப்பிட்டீகளா?" என்பதுதான். சுவிசேஷமெல்லாம் அதற்கப்புறம்.

அவரைத் தாங்குவது அமெரிக்காவில் எங்கோ ஒரு சின்ன ஊர்ச் சபை. மாதாமாதம் படிப்பணம் அனுப்புவதோடு, அவர் போட்டோவைக் கோயில் சுவரில் மாட்டி, புதன்கிழமை தோறும் பேர் சொல்லி ஜெபிக்கிறார்களாம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து புதன்கிழமை சாயங்காலம் ஆனால் வேதக்கண் தலையைப் படிய வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அங்கன நம்ம பேரச் சொல்றாக. இங்கன நாம பரதேசி மாதிரி இருக்கலாமா?" என்பார். மனைவி லீதியாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அந்தச் சபையிலிருந்துதான் தை மாதக் கூட்டம் வரும். கப்பலில் கொழும்புக்கு வந்து, இலங்கையில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடந்து, பாம்பன் பாலத்தின்மேல் ரயிலில் மண்டபம் வந்து இறங்குவார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் இருப்பார்கள். மருந்து கொடுப்பார்கள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருவார்கள், சுவர் கட்டுவார்கள். அவர்கள் பேசுகிற இங்கிலீஷுக்கும் ஊர் பேசுகிற தமிழுக்கும் நடுவில் ஒரே ஆளாக நின்று பேசிப் பேசி வேதக்கண்ணுக்குத் தொண்டை கட்டிப்போகும். போகும்போது அவர்களும் அழுவார்கள், ஊரும் அழும். அதெல்லாம் பொய்யழுகை இல்லை.

முதல் தடவை அவர்கள் வந்தபோதுதான் ஒரு சங்கடம் நேர்ந்தது. விசுவாசித்து வந்த மூன்று பேருக்கு மார்கழியிலேயே கண்மாயில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்து முடித்திருந்தார் வேதக்கண். தையில் அந்தக் கூட்டத்தோடு வந்த அவர்கள் பாதிரியார் நெல்சன் ஐயர், சினிமாக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆசையாகக் கண்மாய்க் கரைக்கு வந்தார். முழுக்கு எடுக்க ஆளில்லை. வெறும் தண்ணீரையும் இரண்டு எருமைகளையும் படம் பிடித்துக்கொண்டார். "அதனாலென்ன, சந்தோஷம்தான்" என்று உபதேசியாரின் முதுகைத் தட்டினார். தட்டியவர் அதோடு மறந்தும் போனார். வேதக்கண்ணுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"கடல் தாண்டி வந்த விருந்தாளிக்கு இலையப் போட்டுட்டு, சோறு இல்லைன்னு சொன்ன மாதிரில்ல ஆகிப்போச்சு" என்று லீதியாளிடம் புலம்பித் தீர்த்தார்.

அதற்கப்புறம் விசுவாசித்து வந்தவர்களை எல்லாம் அவர் தைக்கென்று எடுத்துவைக்கத் தொடங்கினார். விருந்தாளி வருவார் என்று நல்ல கருவாட்டைப் பானைக்குள் ஒதுக்கி வைக்கிறோமே, அந்த மாதிரி. யார் வந்து கேட்டாலும், "தை வரட்டும், துரைமார் கையால முங்கலாம்" என்பார். அவர்களும் சரியென்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். லீதியாளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "முங்கணும்னு வந்தவுகளை நிப்பாட்டி வைக்கிறது நல்லாவா இருக்கு?" என்று கேட்டாள். "நாள் ஓடிரும், சும்மா இரு" என்றுவிட்டார்.

தலையாட்டாத ஒருத்தி வந்தாள். வெள்ளையம்மாள் என்று பெயர். கருவேலம் விறகு வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவள். புருஷன் தவசி வண்டிக்காரர். முந்தின தையில் வந்த கூட்டத்தில் டோரதி அம்மாள் என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, காலில் கருவேல முள் தைத்து நொண்டிக்கொண்டு நின்றபோது, வெள்ளையம்மாள்தான் இடுப்பிலிருந்து முள்வாங்கியை எடுத்து, அந்த வெள்ளைக் காலைத் தன் மடியில் தூக்கிவைத்து முள்ளைப் பிடுங்கினாள். இவள் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை இவளுக்குத் தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறு ஞாயிறு வெள்ளையம்மாள் ஜெபவீட்டில் வந்து உட்கார்ந்தாள். பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை.

ஆடி மாதம் நேரே வந்து கேட்டாள்: "அய்யா, நான் முங்கணும். எப்ப முங்கலாம்?"

"கம்மாய் வத்திக் கெடக்கே தாயி."

"கடலுமா வத்திப்போச்சு?"

உபதேசியார் சிரித்துவிட்டார். "தை மாசம் துரைமார் வாராக. ஒன் சிநேகிதி டோரதி அம்மாளும் வாராக. அவுக முன்னால முங்குனா எம்புட்டுச் சந்தோசம்!"

"அவுக வந்தா வரட்டும். தண்ணியையுமா கொண்டாராக?"

வாய்க்காரிதான். ஆனாலும் அய்யா சொன்னால் சரி என்று போய்விட்டாள். அமெரிக்காவுக்கு எழுதின கடிதத்தில் வேதக்கண், இந்தத் தையில் ஒன்பது பேர் என்று பெருமையோடு எழுதினார். ஒன்பதாவது பேர் வெள்ளையம்மாள். ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாகத் தண்ணீர் வழிந்தது. வெள்ளையம்மாள் மறுபடி வந்து வாசலில் நின்றாள். "கம்மாய் பெருகிருச்சு, அய்யா." அவர் கையை விரித்துக் காட்டினார். "தை இந்தா வந்துருச்சு, இன்னும் கொஞ்ச நாள் பொறு."

கார்த்திகையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. லீதியாள் வைத்துக்கொடுத்த கஞ்சியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் வேதக்கண் பார்க்கப் போனார். பாயோடு பாயாகக் கிடந்தாள். குடிசை வாசலிலிருந்து பார்த்தால் கண்மாய்த் தண்ணீர் பளபளவென்று தெரிந்தது.

"அய்யா, இப்ப முங்க வச்சிருங்க. தவசி தூக்கிட்டு வருவாரு. அவருகிட்டக் கேட்டுட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தவசி தலையை ஆட்டினார். அவர் சாமி வேறு. ஆனாலும் பெண்டாட்டியின் ஆசைக்குக் குறுக்கே நிற்கிற ஆளில்லை.

"காய்ச்ச ஒடம்போட பச்சத்தண்ணியில எறக்குனா சன்னி கண்டுரும் தாயி. தேறி எந்திரி. தையில முங்கலாம்" என்றார் வேதக்கண்.

சொன்னது நியாயம்தான். காய்ச்சல்காரியை யார் தண்ணீரில் இறக்குவார்கள்? ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்றும் அவர் நெஞ்சுக்குள் இருந்தது. ஒன்பது பேர் என்று எழுதியாகிவிட்டதே, வந்து நிற்கிற டோரதி அம்மாளுக்கு என்ன காட்டுவது? அந்த நினைப்பை அவர் மட்டும்தான் அறிவார். வெள்ளையம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் ஜெபித்துவிட்டுத் தூக்குவாளியோடு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் கடலாடிக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது சங்குச் சத்தம் கேட்டது. சைக்கிளை அப்படியே கீழே போட்டார். அவள் சொந்தக்காரர்கள் தங்கள் முறைப்படி எல்லாம் செய்து, கண்மாயின் அக்கரையில் தங்கள் இடத்தில் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். உபதேசியாருக்கு அங்கே வேலையில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். எல்லோரும் கலைந்த பிறகு தவசி அவரிடம் வந்தார்.

"முங்காமலே போய்ட்டாளேய்யா. ஒங்க சாமி இவளைத் தன் ஆளுன்னு அடையாளம் கண்டுக்கிருமா?"

பழிக்கவில்லை, மெய்யாகவே கேட்டார். சிலுவையில் தொங்கின கள்ளனுக்கு யார் முழுக்குக் கொடுத்தார்கள் என்று வேதக்கண் எத்தனையோ களத்துமேட்டில் நின்று பிரசங்கித்திருக்கிறார். அன்றைக்கு அது நாக்கில் வரவில்லை. கர்த்தர் அவளைத் தள்ளமாட்டார், அதில் அவருக்குச் சந்தேகமில்லை. வாசலில் வந்து நின்றவளைத் தள்ளிவைத்தது தான் அல்லவா? "என்னைய மன்னிச்சிருப்பா" என்றார். எதற்கு என்று தவசிக்கு விளங்கவில்லை. "நீங்க என்ன செய்வீக" என்று அவர்தான் இவரைத் தேற்றினார். அந்தத் தேறுதல் வேதக்கண்ணைக் கொன்றது.

அதன் பிறகு அமெரிக்காவுக்கு அவர் ஒரு வரி எழுதவில்லை. புதன்கிழமைகளில் தலை வாரவும் இல்லை. "சொல்லிருங்க. மனசுல வச்சு மறுகாதீக" என்று லீதியாள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "நேர்ல சொல்றேன்" என்றார்.

தை வந்தது. மண்டபம் ஸ்டேஷனில் செவ்வந்தி மாலைகளோடு நின்றார். ரயிலைவிட்டு இறங்கினதும் இறங்காததுமாக டோரதி அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "என் வெள்ளையம்மாள் எப்படியிருக்கிறாள்?" என்பதுதான். அவள் படத்தை அடுப்படியில் ஒட்டிவைத்து, காலையில் காப்பி போடும்போதெல்லாம் ஜெபித்தாராம். முழுக்குக்கென்று வெள்ளைச் சேலை ஒன்றுக்குத் தன் கையாலேயே கரை தைத்துக் கொண்டுவந்திருந்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தார் வேதக்கண். வந்தவர்கள் மனசு நோகக் கூடாதே!

"ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார்.

சொன்ன வாய் கசந்தது. அன்றைக்கு மாற்றிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார், மறுநாளும் நினைத்தார். ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் டோரதி அம்மாளுக்குச் சொல்ல யாருக்கும் பாஷையில்லை. பாஷை இருந்தவர் வாயைத் திறக்கவில்லை.

முழுக்கு நாள் வந்தது. கண்மாய்க் கரை முழுக்க ஜனம். எட்டுப் பேர் வரிசையாகத் தண்ணீரில் இறங்கினார்கள். வேதக்கண் இடுப்பளவு நீரில் நின்று பிடித்துக்கொள்ள, நெல்சன் ஐயர் ஒவ்வொருவரையும் முக்கி எடுத்தார். கரையில் இருந்தவர்கள் பாடினார்கள். ஒவ்வொரு தலை தண்ணீருக்குள் போய் வரும்போதும் வேதக்கண்ணுக்கு அழுகை முட்டியது. ஜனங்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார்கள்.

கரையேறினதும் நெல்சன் ஐயர் கேமராவை வாங்கி, ஈரத்தோடு நின்றவர்களைப் படம் பிடிக்கத் தொடங்கினார். டோரதி அம்மாள் அந்த வெள்ளைச் சேலையை எடுத்துக்கொண்டு உபதேசியாரிடம் வந்தார்.

"இதை நீங்கள் வைத்திருங்கள். வெள்ளையம்மாள் ஊரிலிருந்து வந்ததும் கொடுங்கள். அன்றைக்கே முழுக்கும் கொடுத்துவிடுங்கள். நான் பார்க்கவில்லையே என்று தாமதிக்க வேண்டாம். எங்களுக்காக யாரும் காத்திருக்கக் கூடாது" என்றார்.

வேதக்கண் இரண்டு கையாலும் சேலையை வாங்கிக்கொண்டார். இத்தனை நாளும் அவர்கள் கேட்காத ஒன்றையா நாம் எடுத்து எடுத்து வைத்தோம்? தெரிந்த இங்கிலீஷெல்லாம் எங்கோ போய்விட்டது.

"அங்கன இருக்காம்மா" என்றார் தமிழில். டோரதி அம்மாளுக்குப் புரியவில்லை. வேதக்கண் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையை நீட்டி அக்கரையைக் காட்டினார். அங்கே, மழைக்குப் பிறகு புல் முளைத்த மண்மேடு. டோரதி அம்மாள் அதைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், மறுபடி மேட்டைப் பார்த்தார். மெல்லத் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

உபதேசியார் ஏதோ நல்ல காட்சியைக் காட்டுகிறார் என்று எண்ணி, நெல்சன் ஐயர் சிரித்துக்கொண்டே கேமராவை அந்தக் கை காட்டின பக்கம் திருப்பினார். வேதக்கண் சட்டென்று எட்டி நடந்து, தண்ணீர் சொட்டுகிற தன் உள்ளங்கையை அந்த லென்ஸின் மேல் வைத்து மூடினார். நெல்சன் ஐயர் என்ன என்ன என்று கேட்டும் கையை எடுக்கவில்லை.