ஓர் அறைக்கான இன்வேட்டர்

என் கணவரின் நுரையீரல் தழும்பேறிப் போன பிறகு எங்கள் வீட்டுக்கு ஓர் ஒட்சிசன் மெஷின் வந்தது. அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக அவருடைய மூக்குக்கு அனுப்பும் பெட்டி அது. கரண்ட் போனால் அதுவும் நின்று, நீளமாக ஒருமுறை கத்தும். உடனே நான் கட்டிலருகில் இருக்கும் சிலிண்டரைத் திறந்து குழாயை அதில் மாட்டுவேன். முதலில் பயமாக இருந்தது. பிறகு பயம் நின்றது. கைகள் தம் வேலையைச் செய்யும், நான் வேறு யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பகலில் நான் கந்தோருக்கு, வேலைக்குப் போக வேண்டும். அவரைப் பார்த்துக்கொள்ளக் கிளிவெட்டியிலிருந்து அவருடைய அக்கா, என் மச்சாள், வந்து தங்கியிருந்தார். அன்பான மனுசி. ஆனால் சிலிண்டரைத் தொடவே அவருக்குப் பயம். நான் இல்லாத நேரத்தில் கரண்ட் போனால் யாருடைய கையும் இல்லாமல் என் கணவரின் மூச்சு ஓட வேண்டும். சோலர் போடுவதென்று முடிவெடுத்தது இதற்காகத்தான்.

எதிர்வீட்டுக் கூரை முழுவதும் சோலர் தகடுகள். அதே மாதிரியே நாமும் போட்டுவிடலாம் என்றிருந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. என் கணவருக்குக் குழாயை மாற்றிவிட்டு வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டு அண்ணை சேட்டில்லாமல் தன் வாசல் படலையடியில் கதிரை போட்டு, பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, இவ்வளவு சோலர் வைச்சுக்கொண்டு பேப்பராலையோ விசிறுறியள்?"

"அதையேன் பிள்ளை கேக்கிறாய். மேலை வெயில் கொதிக்குது, கீழை நான் அவியிறன். லைன் செத்தால் இதுவும் செத்துப்போமாம்."

அவருடைய இன்வேட்டர், சோலர் கரண்டை வீட்டுக் கரண்டாக்கும் பெட்டி, பொது லைனோடு சேர்ந்து ஓடும் வகை. லைனில் கரண்ட் இல்லாதபோது அது தானாகவே நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறித் திருத்துபவரை அந்தக் கரண்ட் அடித்துவிடும். கரண்ட் போன பிறகும் ஓட வேண்டுமென்றால் பற்றரியோடு சேர்ந்த வேறு வகை வேண்டும், அதை ஹைபிரிட் என்பார்கள். இதையெல்லாம் எனக்கு விளங்கப்படுத்தியவர், சோலர் பூட்டும் வேலை செய்யும் கிண்ணியாக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நானா என்று கூப்பிட்டேன்.

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"கரண்ட் போனா எதெது ஓடணும், சொல்லுங்க தங்கச்சி."

"மெஷின்."

"அது சரி. வேற?"

மச்சாள் குசினிக்குள்ளிருந்து முந்திக்கொண்டார். "மோட்டர். பிரிட்ஜ். குசினி லைட். மா அரைக்கிற மெஷினும்தான்."

"அக்காவுக்கு இன்வேட்டர் காணாது. ஒரு பவர் ஸ்டேசன்தான் கட்டணும்" என்றார் நானா.

ஒவ்வொரு சாமானின் பின்தகட்டையும் வாசித்துக் கூட்டிப் பார்த்தேன். ஐந்து கிலோவாட்டுக்குள் வந்தது. கிணற்று மோட்டர் மட்டும் தொடங்கும்போது தகட்டில் உள்ளதைப்போலப் பல மடங்கு இழுக்கும், அதுவும் இது பழைய மோட்டர் என்று நானா எச்சரித்தார். கரண்ட் இல்லாத நேரத்தில் மோட்டர் போடுவதில்லை என்று பேசிக்கொண்டோம். மச்சாளும் ஓம் என்றார். கூரைக்குத் தகடுகளும், முழு வீட்டுக்குமாக ஐந்து கிலோவாட் ஹைபிரிட்டும் பற்றரியும் வந்தன. துறைமுகப் பக்கத்து உப்புக்காற்று படாதபடி இன்வேட்டரை உள்நடையின் சுவரில் பூட்டினோம்.

பரீட்சித்துப் பார்க்கும் நாளில் என் கணவரைச் சிலிண்டருக்கு மாற்றப் போனேன். அவர் விடவில்லை.

"மெஷினிலையே இருக்கிறன். எனக்காகத்தானே இவ்வளவும். பாப்பம்."

நான் கட்டிலருகில் நின்றேன். நானா மெயின் சுவிச்சடியில் நின்று வீடு முழுவதும் கேட்கச் சத்தமாகச் சொன்னார்: "கரண்ட்ட நிப்பாட்டப் போறன்!"

கிளிவெட்டியில் அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. கரண்ட் போவதற்குமுன் ஓடிப்போய் மோட்டரைப் போட்டுத் தண்ணீர்த் தாங்கியை நிரப்ப வேண்டும். மச்சாள் வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் செய்திருக்கிறார். கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி மோட்டரைப் போட்டிருக்கிறார். நாங்கள் கவனிக்கவில்லை. நானா சுவிச்சை இறக்கினார். கரண்ட் லைனிலிருந்து பற்றரிக்குக் கைமாறிய கணத்தில் ஓடிக்கொண்டிருந்த மோட்டர் தளர்ந்து, திரும்பத் தொடங்க இழுத்தது. பிரிட்ஜும் கூட இழுத்தது. இன்வேட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. வீடு அடங்கியது. மெஷின் கத்தியது.

என் கைகள் சிலிண்டரைத் திறந்தன. குழாயை மாட்டின. அவர் இரண்டு தோள்களையும் தூக்கித் தூக்கி மூச்செடுத்தார். உதடுகள் சாம்பல் நிறமாகி, மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தன. சிலிண்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். வேறெதுவும் நினைக்கவில்லை.

மச்சாள் ஈரக்கையோடு வாசலில் நின்றார். "கரண்ட் போகப்போகுதெண்டு சொன்னா வேறை என்ன செய்யிறது? தாங்கி நிறையட்டுமெண்டுதான்..."

"அக்காவில பிழையில்ல. நான்தான் சத்தம் போட்டனான்" என்றார் நானா.

மூச்சு திரும்பியதும் என் கணவர் சொன்னார்: "நான் போயிருந்தாலும் பரவாயில்லை அக்கா. குளிப்பாட்டத் தாங்கியிலை தண்ணி இருந்திருக்கும்."

மச்சாள் அழத் தொடங்கினார். என் கணவர் சிரித்து, அது இருமலாகி, நான் முதுகைத் தடவினேன்.

இதைத் திருப்பியெடுத்து, மோட்டரையும் தாங்கக்கூடிய இன்னும் பெரியதொன்றைத் தரலாம் என்றார் நானா. எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் இந்த வீடு அதற்கேற்ற சாமான்களை அதில் மாட்டிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. மோட்டர் போடாதே என்று நூறு முறை சொல்லலாம். ஓடிப் பழகிய கால் அதைக் கேட்காது.

"நானா, இந்த அறைக்கு மட்டும் தனி லைன் இழுக்க ஏலுமோ? மெஷின், ஃபான், ஒரு லைட். வேறை ஒண்டும் வேண்டாம்."

அவர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "ஓம், ஏலும். அப்பிடியெண்டா மூணு கிலோவாட்டே தாராளம். அதுக்குப் பதிலாப் பற்றரியக் கூட்டித் தாறன். கனநேரம் தாங்கும்."

"அப்ப தண்ணி?" என்றார் மச்சாள்.

"அள்ளுவம் மச்சாள்."

"பிரிட்ஜிலை மீன்?"

"அண்டண்டைக்கு வாங்குவம்."

நானா பெரிய இன்வேட்டரைக் கழற்றிக்கொண்டு போய்ச் சின்னதைக் கொண்டுவந்து பூட்டினார். இந்த முறை சத்தமில்லாமல் சுவிச்சை இறக்கினார். மெஷின் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வேலைநாளில் நான் வீடு திரும்பியபோது ஒழுங்கை முழுவதும், ஒரு வீட்டிலும் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டு முன்னறையும் புழுங்கியது, பிரிட்ஜ் அடங்கிக் கிடந்தது. உள்ளே, அவருடைய அறையில் மட்டும் ஃபான் சுற்றியது. கட்டிலடியில் பாய் விரித்து மச்சாள் படுத்திருந்தார். ஃபானுக்கு நேர்கீழே எதிர்வீட்டு அண்ணை கதிரை போட்டு இருந்தார். கூரை முழுக்கச் சோலர் வைத்திருப்பவர். மெஷின் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"வாரும், வாரும். உமக்கும் இடமிருக்கு" என்றார் என் கணவர். "என்ரை மூச்சிலை ஊரே காத்து வாங்குது."

"எப்ப போனது கரண்ட்?"

"காலமை" என்றார் அண்ணை. "நீ அந்தப் பக்கம் போக, இது இந்தப் பக்கம் போயிட்டுது."

உள்நடைக்குப் போய் இன்வேட்டரைப் பார்த்தேன். பற்றரியில் பாதிக்கு மேல் இருந்தது. காலையிலிருந்து நான் கந்தோரில் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன், தேத்தண்ணி குடித்திருக்கிறேன், ஒருவரோடு இடமாற்றம் பற்றிக் கதைத்திருக்கிறேன். அந்த நேரம் முழுவதும் இங்கே கரண்ட் இல்லை. எவரும் எதையும் திறக்கவில்லை, மாட்டவில்லை. மனதில் ஆறுதல்போல ஏதாவது வரும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். ஒன்றும் வரவில்லை. அறைக்குத் திரும்பினேன். மச்சாள் காலை மடக்கிப் பாயில் இடம் விட்டார். பையை வைத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.