தீக்கு முதுகு காட்டி நின்ற இருவர்

1998 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, டல்லாஸ் பக்கத்து ப்ளேனோவிலிருந்து ஹூஸ்டனுக்குக் காரில் போனோம். காரணம் ஒரு வெள்ளிக்காசு. வேலைக்குப் போக அனுமதியில்லாத விசாவில் வந்தவள் நான். பகலெல்லாம் லைப்ரரியில் பழங்காசுப் புத்தகங்கள்தான் துணை. பழைய சாமான் சந்தையில் நாற்பது டாலருக்கு வாங்கிய பாரசீகக் காசு, முதலாம் ஷாபூர் மன்னனுடையது என்பது என் கட்சி. "புக் படிச்சா போதுமா? எக்ஸ்பர்ட் யாராவது சொல்லட்டும்" என்பது கணவர் ரகுவின் கட்சி. ஹூஸ்டன் நாணயக் கண்காட்சியில் பஞ்சாயத்தைத் தீர்த்துக்கொள்ள முடிவானது.

காலை 6.10க்குக் கிளம்பி, ஐ-45 ஃப்ரீவேயில் 260 மைல். பெட்ரோல் பத்து டாலர். ஹண்ட்ஸ்வில்லில் புளியோதரைக்காக நிறுத்தியபோது காசு வைத்திருந்த டப்பாவைத் திறந்தேன். காசு பளபளத்தது.

"நேத்து வெள்ளிக்கிழமை பூஜைக்கு விளக்கெல்லாம் விபூதி போட்டுத் தேச்சேனே, அதோட இதையும் தேச்சுட்டேன். நல்லா க்ளீனா இல்ல?" என்றார் ரகு.

பழங்காசைத் தேய்ப்பது மகாபாவம்; மதிப்பே போய்விடும். மீதி எழுபது மைலும் டப்பாவை என் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

பத்தே முக்காலுக்குக் கண்காட்சி. நுழைவு ஆளுக்கு மூன்று டாலர். வயதான இரானிய வியாபாரி ஒருவர் பாரசீக மன்னர்களைக் கிரீட வரிசைப்படி அடுக்கியிருந்தார்; ஒவ்வொரு மன்னனுக்கும் ஒவ்வொரு கிரீடம். முதலாம் ஷாபூரின் இடம் காலி. என் காசைப் பார்த்ததும், யார் இதைத் தேய்த்தது என்றார். ரகு கூரையைப் பார்த்தார்.

கோட்டை மதில் போன்ற இந்தக் கிரீடம் இரண்டு ஷாபூர்களுக்கும் உண்டு, இது எங்கும் கிடைக்கும் இரண்டாமவன் காசு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தக் காசுகளின் பின்பக்கம் புனிதத் தீ மேடை, அதன் இருபுறமும் இரண்டு ஆட்கள். இரண்டாமவன் காசில் அவர்கள் தீயைப் பார்ப்பார்கள். முதலாமவன் காசில் தீக்கு முதுகு காட்டி நிற்பார்கள். என் காசில் அந்தப் பக்கம் தேய்ந்து மழுங்கியிருந்ததால் முகம் எந்தப் பக்கம் என்று தெரியாது.

அவருடைய பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினேன். உருவங்களைச் சுற்றிய பள்ளங்களில் ரகுவின் விபூதி அப்பியிருந்தது. அந்த வெள்ளைக் கோட்டில் இடது ஆளின் மூக்கு இடப்பக்கம், வலது ஆளின் மூக்கு வலப்பக்கம். நம் கோயில் துவாரபாலகர்கள் சாமியைப் பார்த்தா நிற்கிறார்கள்? இவர்களும் வெளியே பார்த்துத்தான் நின்றார்கள்.

கிழவர் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்லி, எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். ப்ளேனோ லைப்ரரி கார்டை எடுத்துக் காட்டினேன். "ஓகே, நீ வின் பண்ணிட்டே. ஆனா விபூதி என்னுது" என்றார் ரகு.

போக விரும்புகிறவர்களுக்கு: கூட்டம் சேருமுன் போய்விடுங்கள், சொந்தப் பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள், காசை மட்டும் தேய்க்காதீர்கள். எங்களுக்கு நடந்தது அதிர்ஷ்டம்.

கிழவர் கேட்டுக்கொண்டதால், அன்று மாலைவரை என் காசு அவர் வரிசையின் அந்தக் காலி இடத்தில் இருந்தது. பக்கத்தில் கிழவர் கைப்பட எழுதிய அட்டை: 'முதலாம் ஷாபூர். அடையாளம் கண்டவர், வசந்தி.' விசாவில் என் பெயருக்குப் பக்கத்தில் இன்னாரின் மனைவி என்றுதான் இருந்தது. காசோடு அந்த அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் காரில் ஏறினேன்.