அஞ்சலை முன்னால் நடந்த பொன்னேர்

இன்று சித்திரை ஒன்று. காலையில் என் மனைவி அஞ்சலை வேப்பம்பூவை நெய்யில் வறுத்தாள். அந்த வாசனைக்கு எனக்கு ஞாபகம் வருவது மாங்காய்ப் பச்சடி இல்லை, மாடு. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும்போது வருஷம் பிறக்கிறது என்று கோயிலில் பஞ்சாங்கம் வாசிப்பவர் சொல்வார். ஐந்தாவதோடு நின்ற எனக்கு அந்தக் கணக்கு ஏறாது. பாகூர்ப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு அது பொன்னேர் பூட்டும் நாள், வருஷத்தின் முதல் உழவு. ஊர் ஏர்கள் எல்லாம் மஞ்சள் குங்குமத்தோடு ஒரே நிலத்தில் இறங்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் போகும் முன்னேர் வருஷத்துக்கு ஒரு வீட்டு முறை. முன்னேர் மாடு நடுவில் படுத்துவிட்டால் அந்த வருஷம் மழை இல்லை என்பார்கள்.

எனக்குக் கல்யாணமான வருஷம் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் ஜோடி மாடுகளில் செவலைக்கு மேளச் சத்தம் கேட்டாலே படுக்கிற பழக்கம். கூட்டத்தைக் கண்டால் எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

கரையாம்புத்தூரிலிருந்து வந்திருந்த அஞ்சலையின் அண்ணன் வரப்பில் நின்று, “இன்னா மாப்ள, மொதல்ல படுக்கப் போறது மாடா, நீயா?” என்றார். ஊரே சிரித்தது.

மேளம் அடித்தது. செவலை முன்னங்காலை மடித்தது. சிரிப்பு நின்றது.

“ரெண்டு போடுப்பா!” என்றது ஒரு குரல். எனக்குக் கை எழவில்லை.

அஞ்சலை படையல் தட்டை எடுத்துக்கொண்டு நிலத்தில் இறங்கினாள். வெல்லம் கலந்த பச்சரிசி. வந்த நாளிலிருந்து செவலைக்குத் தவிடு வைப்பவள் அவள்தான்.

“ஏம்மா, சாமிக்கு வெச்சதாச்சே!” என்றார் ஒரு பெரியவர்.

“சாமி ஒண்ணும் சொல்லாது பெரிப்பா, மழை பேஞ்சா சரி.” செவலை வாயில் ஒரு பிடி வைத்தாள். “வாடா ராசா, மீதி அந்தாண்ட வரப்புல.”

செவலை எழுந்தது. அவள் பின்னால் மாடு, மாட்டின் பின்னால் நான், என் பின்னால் ஊர். கிழக்கு வரப்பு வரைக்கும் உழவுச் சால் நேராக விழுந்தது.

“எந் தங்கச்சிப்பா அது!” என்று அண்ணன் கத்தினார். நான் கத்த நினைத்ததும் அதுதான், உறவு மட்டும் வேறே.

அந்த வருஷம் ஏரி நிரம்பியது. யாரால் என்று என்னைக் கேட்காதீர்கள், ஒரே பதில்தான் சொல்வேன்.

இன்றும் பொன்னேர் பூட்டினோம். டிராக்டர் முகப்பில் அஞ்சலை மஞ்சள் தடவினாள். டிரைவர் சாவியைத் திருப்பினார், கிளம்பிவிட்டது. முன்னால் யாரும் நடக்க வேண்டியதில்லை. அஞ்சலை பச்சரிசித் தட்டோடு வரப்பிலேயே நின்றாள்.